அறியா வினா: திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கான தொழில்நெறி வழிகாட்டல் – ஒரு நிகழ்வு ஆய்வு

“பி.எட். சேரலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செஞ்சுடறேனுங்க.”

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருவர், எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்ன வாக்கியங்கள் இவை. நான்கு அமர்வுகளும் அவற்றுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலான தொடர்பும் கொண்ட இந்த நிகழ்வை, அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இங்கே எழுதுகிறேன். தொழில்நெறி வழிகாட்டலில் திறந்த மனத்தோடு கேட்கும் கேள்விக்கு என்ன இடம் என்று பயிற்சி வகுப்புகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால், இந்தப் பெண்ணிடம் முதல் நாள் நான் கேட்ட கேள்விகளைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோதுதான், அந்த இடத்தை நான் எவ்வளவு மேலோட்டமாகப் புரிந்துவைத்திருந்தேன் என்பது தெரிந்தது.

அவருடைய முதல் வாக்கியத்திலேயே இங்குள்ள ஒரு வழக்கமும் பேசுகிறது. தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது, பொறியியல் சேர்க்கைக்காக 1997 முதல் ஒற்றைச் சாளர முறையில் நடந்துவரும் கலந்தாய்வுதான். 2018-இல் அது இணையவழிக்கு மாறும்வரை, கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு பெற்றோரும் பிள்ளையும் பேருந்து ஏறிப் போய், திரையில் காலியிடங்களைப் பார்த்து, சில நிமிடங்களில் ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு ஆணையோடு வெளியே வந்தார்கள். கவுன்சலிங்குக்குப் போனால் கையில் ஒரு விடை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வந்தது. என்னிடம் வருகிறவர்களும் அதே எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

முதல் அமர்வு

பி.எஸ்சி. கணிதம் படித்து, ஓராண்டு மெர்ச்சண்டைசிங் டிப்ளமோ முடித்து, ஐந்து ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறார். தந்தை, பின்னல் துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் யூனிட் ஒன்றில் வேலை செய்கிறார். தாய் வீட்டில் இருக்கிறார். தம்பி கல்லூரியில் படிக்கிறார். மெர்ச்சண்டைசர் என்பவர், ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பவர். ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், சாம்பிள், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஷிப்மெண்ட் போகும்வரை எல்லாரையும் துரத்துவது அவர் வேலை. ஐரோப்பிய பையர் காலையில் அலுவலகம் திறக்கும்போது திருப்பூரில் பிற்பகல். அவர்கள் மாலையில் அலுவலகத்தை மூடுமுன் அனுப்பும் மெயில் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் வந்து சேரும்.

நான் வழக்கமான படிவத்தை நிரப்பினேன். உளவியலாளர் ஜான் ஹாலண்டு 1959-இல் முன்வைத்த ஆறு ஆளுமை வகைகளை அடிப்படையாகக் கொண்ட ஆர்வ அளவீட்டையும் கொடுத்தேன். பிறருக்கு உதவும் வகையும் ஒழுங்கமைத்துச் செய்யும் வகையும் உயர்ந்திருந்தன. கணிதப் பட்டம், பொறுமையான பேச்சு, இரவு மெயிலால் வந்த சோர்வு, ஆசிரியர் பணிக்கு ஒத்துவரும் அளவீடு என்று எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ‘பி.எட். பொருத்தமே’ என்று பரிந்துரைக் குறிப்பின் முதல் வரியை எழுதியும்விட்டேன்.

எழுந்து போகும்போது, “விண்ணப்பம் எப்ப போடப் போறீங்க?” என்று கேட்டேன். “இந்த ஷிப்மெண்ட் முடியணுங்க,” என்றார். அடுத்த மாதம் கேட்டால் அடுத்த ஷிப்மெண்ட் இருக்கும். அந்தப் பதில் எனக்குள் சிக்கிக்கொண்டது.

நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் என் கேள்விகளையும் வலப்பக்கம் அவர்கள் சொன்னதையும் சொன்னபடியே எழுதிவைப்பது என் பழக்கம். அன்றிரவு இடப்பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 கேள்விகள். அவற்றில் 8 வயது, சம்பளம், மதிப்பெண் போன்ற விவரங்களுக்கானவை. மீதி 15-ஐ எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது, பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூல் கைகொடுத்தது.

ஆறு வினாவும் எட்டு விடையும்

பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆசிரியர் தனக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. மாணவன் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஒருவரிடம் புத்தகம் இருக்கிறதா என்று, இல்லையென்றால் கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ‘கடைக்குப் போகிறாயா?’ என்று கேட்பதன் மூலம் போகச் சொல்வது ஏவல் வினா.

இந்தப் பகுப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. பவணந்தியார் வினாவை அதன் சொல்வடிவத்தைக் கொண்டு பிரிக்கவில்லை. கேட்பவரின் மனநிலையைக் கொண்டு பிரிக்கிறார். ‘இந்தக் கணக்குக்கு விடை என்ன?’ என்ற அதே சொற்கள் ஆசிரியர் வாயில் அறிவினா, மாணவன் வாயில் அறியா வினா. வழிகாட்டல் பயிற்சிகளில் நாம் சொல்லித்தருவதோ வடிவத்தை மட்டும்தான்: ‘ஆம், இல்லை’ என்று முடியக்கூடிய கேள்வியைத் தவிர், என்ன, எப்படி என்று தொடங்கு. அந்த விதி பயனுள்ளதுதான். ஆனால், ‘ஆசிரியர் பணியில் உங்களை ஈர்ப்பது என்ன?’ என்று ‘என்ன’ போட்டுக் கேட்டாலும், ஈர்க்கிறது என்பதை நானே முடிவு செய்துவிட்டுத்தானே கேட்கிறேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், என் 15 கேள்விகளில் 7 விடை எனக்கே தெரியும் என்ற எண்ணத்தில் கேட்டவை: “ராத்திரி மெயில் பாக்கறதால தூக்கம் கெடுதில்லையா?”, “பசங்களுக்குச் சொல்லித்தர்றது பிடிக்கும்தானே?” என்பது போல. 5 ஏவல் வினாக்கள்: “தகுதித் தேர்வுக்கான பாடத்திட்டத்தைப் பாத்துட்டீங்களா?” என்றால், பார்க்கச் சொல்கிறேன் என்று பொருள். 2 கொடை வினாக்கள். நான் கொடுக்க வைத்திருந்த தகவலைக் கொடுப்பதற்காகக் கேட்டவை. எனக்கு உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த வேலைக்கு எப்படி வந்து சேந்தீங்க?” அதற்கு அவர் சொன்னதை வலப்பக்கத்தில் அரை வரியில் முடித்திருந்தேன்.

விடைகளையும் நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. அவற்றில் சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மீதி ஐந்தும் மறைமுகமானவை. ‘நீ விளையாடவில்லையா?’ என்று கேட்டால், ‘கால் வலிக்கிறது’ என்று தனக்கு நேர்ந்திருப்பதைச் சொல்வது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்று நேரப்போவதைச் சொல்வது உறுவது கூறல். கதை எழுதுவாயா என்றால் கட்டுரை எழுதுவேன் என்பது இனமொழி. வலப்பக்கத்தை மீண்டும் படித்தேன். “இந்த வேலை பிடிக்கலையா?” என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னது: “பதினோரு மணிக்கு மெயில் வருதுங்க.” இது உற்றது உரைத்தல். பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. படிவத்தில் ‘தற்போதைய வேலையில் விருப்பம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்தான்.

நேர்முகமாக மறுப்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் சமூகத்தில், அதுவும் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போட்டுப் பேசும் கொங்கு வட்டாரத்தில், வயதில் மூத்தவர் ‘தானே’ என்று முடித்துக் கேட்கும் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை எளிதில் வராது. கால் வலிக்கிறது என்ற வகை விடைதான் வரும். அதைக் காதில் வாங்காமல் போனால், தலையாட்டலைச் சம்மதமாக எழுதிக்கொள்வோம்.

துறையின் வரலாற்றில் இந்த இழுபறி தொடக்கம் முதலே இருக்கிறது. 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு அலுவலகம், ஆளை அறிதல், வேலையை அறிதல், இரண்டையும் பொருத்துதல் என்ற அடிப்படையில் நின்றது. 1942-இல் கார்ல் ரோஜர்ஸ், ஆலோசகர் வழிநடத்துவதைக் குறைத்து வந்தவரைப் பேசவிடும் முறையை எழுதினார். மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையில் திறந்த கேள்வி முதல் திறன். ஆனால் அங்கேயும் ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதே பயிற்சியில் சொல்லப்படும் அளவு. என் முதல் அமர்வில் நான் ஒரு முறைகூட அப்படித் திருப்பிச் சொல்லவில்லை.

இரண்டாம் அமர்வு

இரண்டு வாரம் கழித்து வந்தபோது, போன தடவை அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, “போன வாரத்துல ஏதாவது ஒரு நாளைக் காலையில இருந்து சொல்லுங்களேன், எந்த நாளானாலும் சரி,” என்று மட்டும் கேட்டேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, “கேள்வியாவே கேக்கறீங்க மேடம். நான் ஒரு பதிலுக்காகத்தானுங்க வந்தேன்,” என்றார். அந்த எரிச்சல் நியாயமானது. ஒருவர் பணமும் நேரமும் செலவழித்து வந்திருக்கும்போது, விடையைக் கையில் மறைத்துக்கொண்டு கேள்விகளால் சுற்ற வைப்பது மரியாதை ஆகாது. என்னிடம் மறைத்துவைத்த விடை எதுவும் இல்லை, உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வியாழக்கிழமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பாதியில் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை வெளியே எடுத்தார். இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டிய மூன்று துணித் துண்டுகள் அதில் ஸ்டேபிள் அடிக்கப்பட்டு, கீழே ஏ, பி, சி என்று பேனாவால் எழுதப்பட்டிருந்தன. பையர் கேட்ட நிறத்துக்கு டையிங் யூனிட் சாயமேற்றிக் கொடுக்கும் மாதிரித் துண்டு, லேப் டிப். மூன்றும் நேவி புளூ. எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் மாலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்; பிறகு அறைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தார். “இப்ப பி-யைப் பாருங்க மேடம். லேசா செவப்படிக்குதுங்களா?” கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஆமாம், ஓரத்தில் ஏதோ ஒரு செம்மை தெரிவது போலத்தான் இருந்தது.

அந்த பையர் இரண்டு முறை ஷேடை நிராகரித்துவிட்டார். எங்கள் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று டையிங் யூனிட்டில் சாதித்தார்கள். இவர் லைட் பாக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கையும், ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்கு ஈடான டிஎல்84 விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு விளக்கில் ஒன்றிப்போகும் இரு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்து தெரிவதை மெட்டாமெரிசம் என்பார்கள். சாய ரெசிபியில் ஒரு கலவையை மாற்றியிருந்ததால் வந்த வினை அது என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று இரவுகள் ஆகியிருந்தன. அந்த மூன்று இரவுகளும் பதினோரு மணி மெயிலும் ஒரே வாரத்தில்தான் வந்தன. மெயிலைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது, அந்த இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது வேகம் எடுத்தது.

இங்கே நான் இரண்டாவது தவறைச் செய்தேன். “அப்ப உங்களுக்கு இந்த வேலை உள்ளூரப் பிடிச்சிருக்குதானே?” என்று கேட்டுவிட்டேன். அவர் அட்டையை மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தார். “அப்படியும் சொல்ல முடியாதுங்க,” என்றார். அடுத்த பத்து நிமிடம் ஒற்றைச் சொல் விடைகள்தான்.

இந்தத் தவறைத்தான் சக வழிகாட்டிகள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் அமர்வில் ‘ஆசிரியராகப் போ’ என்ற விடை என் பையில் இருந்தது. இரண்டாம் அமர்வில் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ‘உனக்குள் ஒளிந்திருக்கும் விருப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், இங்கேயே இரு’ என்ற இன்னொரு விடையைப் போட்டுக்கொண்டேன். நம் துறையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது விடை மிகவும் பிடிக்கும். கேட்டுக் கேட்டு ஒருவரின் உண்மையான ஆசையை வெளியே கொண்டுவந்தோம் என்ற நிறைவு கிடைக்கும். திறந்த கேள்வி என்ற பெயரில் அந்த இடத்துக்கே எல்லாரையும் கூட்டிப்போகிற பழக்கம் என்னிடமும் இருந்தது.

மௌனத்தை உடைத்தது ஒரு சாதாரணக் கேள்வி. “பி.எட்.னு முதல்ல யார் வாயில இருந்துங்க வந்துச்சு?” உண்மையிலேயே எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன். “அப்பாங்க,” என்றவர், ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை வரும்வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கும் கீழே உள்ள விவசாயிகளுக்கும் அந்த உத்தரவு தேவைப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்போது ஒரு டையிங் யூனிட்டில் மாஸ்டருக்கு உதவியாக இருந்த இவருடைய தந்தை ஆறு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு கிடைத்த லோடு வேலைக்குப் போனார். “அன்னைக்கிருந்து, பனியன் கம்பெனியை நம்பாத கண்ணுன்னு சொல்லிட்டே இருக்காருங்க. நான் இந்த வேலைக்குப் போனதே அவருக்குப் பிடிக்கலைங்க.”

தந்தையோடு ஓர் அமர்வு

ஊக்க நேர்காணல் உட்பட மேற்கிலிருந்து வந்த பெரும்பாலான முறைகள், எதிரில் ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கிறார், முடிவு அவருடையது என்று எடுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் எதிரில் ஒருவர்தான் இருப்பார். நாற்காலிக்குப் பின்னால் வீடே நிற்கும். மகளின் ஒப்புதலோடு தந்தையையும் அழைத்தேன்.

அவர் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் மெல்லிய நீலம் இருப்பது போல எனக்குத் தோன்றியது. சாயத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் அது என் கற்பனையாகவே இருக்க வேண்டும். அரசு வேலையின் பாதுகாப்பைப் பற்றி அவர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்ப்பதை உணர்ந்ததும் அதைக் கேட்காமல் விட்டேன். “அந்த ஆறு மாசத்துல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எதுங்க?” என்றேன்.

“பணமெல்லாம் அப்புறமுங்க. ஒரு நாள் காலைல டிபன் கேரியரோட போய் நிக்கறேன், கேட்டுல பூட்டு. யாரும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலீங்க. கேசு பல வருசமா நடந்திருக்குது. எங்களுக்கு யாருமே சொல்லலீங்க.”

இந்த விடைக்கு நான் தயாராக இருக்கவில்லை. பாதுகாப்பு என்று அவர் சொல்லிவந்ததற்கு, வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு பொருள். மகளுக்கும் இது புதிதாக இருந்திருக்க வேண்டும். திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தந்தை மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: “அந்த ராத்திரி மெயிலு இல்லீன்னா, நீ இந்த வேலையிலயே இருப்பியா கண்ணு?”

பயிற்சிப் புத்தகத்தின்படி இது மூடிய கேள்வி. ஆம், இல்லை என்று முடித்துவிடலாம். ஆனால் அவருக்கு விடை தெரியாது, எந்த விடை வந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மகள் வெகுநேரம் பேசவில்லை. “தெரியலீங்கப்பா,” என்றார். மூன்று அமர்வுகளில் அவர் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை. என் 23 கேள்விகளில் எதுவும் அந்த விடையைக் கொண்டுவரவில்லை.

நான்காம் அமர்வும் சோதனைகளும்

தெரியவில்லை என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் தகவலுக்கு வேலை. நான்காம் அமர்வில் நான் கேட்டது குறைவு, சொன்னது அதிகம். பி.எட். 2015 முதல் ஈராண்டுப் படிப்பு. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராக ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். தேர்ச்சி பெற்றாலே அரசுப் பள்ளியில் நியமனம் கிடைத்துவிடாது, 2018-இல் வந்த அரசாணைக்குப் பின் தனியாக ஒரு போட்டித் தேர்வும் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். தந்தை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று சொன்னாரே, அது இங்கே பொருந்தியது. அந்தத் தாளின் நகல் ஒன்றைத் தந்தைக்கென்று மகள் கேட்டு வாங்கிப் போனார். இரவு மெயில் இல்லாத இருக்கைகள் பின்னலாடைத் தொழிலுக்குள்ளேயே இருப்பதையும் பேசினோம்: லேப், ஷேடு அப்ரூவல், துணி கொள்முதல், தரச் சான்றுக்கான ஆவண வேலை.

எது என்று நான் சொல்லவில்லை. சின்னச் சின்னச் சோதனைகளாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. எதிர்பாராத அனுபவங்களையும் தொழில் தேர்வின் பகுதியாக ஏற்க வேண்டும் என்று உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸ் தன் சகாக்களுடன் 1999-இல் எழுதியதற்கு நடைமுறை வடிவம் இதுதான். வாரம் மூன்று மாலை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன். சனிக்கிழமைகளில், தெரிந்தவர் மூலம், ஒரு டையிங் லேபில் அரைநாள் உட்கார்ந்து பார்ப்பது.

லேபுக்கு இரண்டு முறை போனார். பிடித்திருந்தது என்றார். டியூஷனைப் பற்றி அவர் தொலைபேசியில் சொன்னது வேறு மாதிரி இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “மைனஸை மைனஸால பெருக்கினா எப்படிக்கா பிளஸ் வரும்?” என்று கேட்டிருக்கிறாள். அது விதி, அப்படியே வைத்துக்கொள் என்று சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. மூன்று மாலைகள் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கடன் கணக்கைக் கொண்டு விளக்கியிருக்கிறார்: நூறு ரூபாய்க் கடன்கள் மூன்றை ஒருவர் தள்ளுபடி செய்தால் உன் நிலைமை எவ்வளவு மேலே வரும்? அந்தப் பெண் புரிந்துகொண்ட கணத்தை அவர் விவரித்த வேகம், லேப் டிப் அட்டையை ஜன்னலில் பிடித்தபோது இருந்த அதே வேகம்.

2023-இல் அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்த ஆண்டு டியூஷனைத் தொடர்ந்தார். சம்பளத்தில் ஒரு பகுதியைப் படிப்புச் செலவுக்கென்று தனியாகப் போட்டுவைத்தார். 2024-இல் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தார். அப்போது, “அவசரப்படாத கண்ணு, லேப் வேலையைப் பத்தியும் யோசி,” என்று சொன்னவர் தந்தை.

முதல் அமர்வில் நான் எழுதத் தொடங்கியதும் பி.எட்.தானே, அன்றைக்கே சொல்லியிருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்குமே என்று இந்த நிகழ்வைக் கேட்ட சக வழிகாட்டி ஒருவர் சொன்னார். எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாத கேள்வி. அன்றைக்கே சேர்ந்திருந்தால் மோசமாகப் போயிருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அன்றைக்குச் சேர்ந்திருந்தால், தந்தையின் பயத்தைத் தன் விருப்பம் என்று எண்ணிச் சேர்ந்திருப்பார், போட்டித் தேர்வைப் பற்றித் தெரியாமல் சேர்ந்திருப்பார், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தனக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரு மாலைகூடச் செய்து பார்க்காமல் சேர்ந்திருப்பார். எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் அன்றைக்கு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் கேட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். அவர் பி.எட். சேர்ந்த செய்தியைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் வந்தது. அவ்வளவு நுட்பமான கண் சாய லேபில் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். இரண்டாம் அமர்வில் என் பைக்குள் புகுந்த விடை அதுவரை வெளியே போகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, நோட்டில் எழுதிவைத்தேன்.

எல்லாரிடமும் இப்படி நான்கு அமர்வுகள் எடுக்க முடியாது. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் வருகிறவரிடம், உங்கள் வியாழக்கிழமையைச் சொல்லுங்கள் என்று கேட்பது கொடுமை. அவருக்கு இன்றைக்கு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கேட்டு வருகிறவருக்குத் தேதிதான் விடை. ஆனால் அவர்களிடமும், நோட்டின் இடப்பக்கத்தில் ஒரு கேள்வியையாவது விடை தெரியாமல் கேட்க முயல்கிறேன். ‘ஏன்’ என்று தொடங்குவதை நிறுத்திவிட்டேன். நம் பேச்சுத் தமிழில் ‘ஏன் வேலையை விட்டீங்க?’ என்பது எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் விளக்கம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் மாதிரி ஒலிக்கிறது. ‘தானே’ இன்னும் வாயில் வருகிறது. வந்தால் அதற்குக் கீழே கோடு போட்டுவைக்கிறேன்.

அவருக்கு முன்னால் தகுதித் தேர்வும், அதன்பின் போட்டித் தேர்வும் இருக்கின்றன. இரண்டும் முடியாவிட்டால் மீண்டும் கம்பெனிக்கு வருவேன் என்றார். வந்தால் மெர்ச்சண்டைசிங்குக்கு இல்லை, லேபுக்குத்தானாம். நேவி புளூ அட்டையை டியூஷன் பிள்ளைகளிடம் காட்டி, எது எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பெண் சி-யில் பச்சை அடிக்கிறது என்றாளாம். அது இவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. திரும்ப லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.